அப்பாவின் ஹெர்குலிஸும் 40 ஓட்டை ஹப்பும்

இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் சாக்லேட்டைவிட அதிக இடம் பிடித்தவை இரண்டு சைக்கிள் டயர்கள். ஓரத்தில் கம்பி வைத்த டயர் மடங்காது. மூன்று வளையமாகச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தவர், "நெதர்லாந்துல இருந்து சைக்கிள் டயரா? இங்க கிடைக்காதா சார்?" என்றார். நியாயமான கேள்வி. நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

அவரிடம் சொல்ல முடியாமல் போன விளக்கம் இதுதான். அப்பாவின் வண்டி ஹெர்குலிஸ். 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் பழைய கறுப்பு வண்டி. ராட் பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுக்கும் பிரேக்), முழு செயின் கவர், ஸ்பிரிங் வைத்த சீட்டு, 28க்கு ஒன்றரை அங்குல டயர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நான் ஒன்பது வருஷமாக ஓட்டும் வண்டிக்கும் (டச்சுக்காரர்கள் அதைப் 'பாட்டி சைக்கிள்' என்பார்கள்) அச்சு அசலாக அதே அளவு. டயரின் பக்கவாட்டில் 40-635 என்று போட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். வால்வுகூட ஒன்றுதான். நம் ஊரில் வால்டியூப் மாட்டிக் காற்றடிப்போமே, அந்த டன்லப் வால்வு அங்கே இன்னும் எல்லாத் தெருவிலும் ஓடுகிறது. சைக்கிள் விஷயத்தில் எங்கள் ஊர் தாராசுரமும் உட்ரெக்ட்டும் பங்காளிகள். அங்கே விற்கும் டயரில் உள்ளே முள் ஏறாத ரப்பர் பட்டை ஒன்று இருக்கிறது, பக்கவாட்டில் இரவில் மின்னும் கோடும் உண்டு. வாய்க்கால் கரைக் கருவேல முள்ளுக்கு அப்பா மாதம் இரண்டு பஞ்சராவது ஒட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு 71 வயது. முட்டி வலி. தாராசுரத்தில் இருந்து கும்பகோணம் கடைத்தெருவுக்கு இன்னும் சைக்கிள்தான். ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். சரி, இருக்கிற வண்டியையே அவர் காலுக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடலாம் என்று இந்த ஐந்து வார லீவில் இறங்கினேன். எங்கே என்ன கிடைத்தது, யார் நன்றாகச் செய்தார்கள், எங்கே நான் ஏமாந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சென்னை. இரவு ரயிலுக்கு நேரம் இருந்ததால் பார்க் டவுனில் ரத்தன் பஜாருக்குப் போனேன். கடை வாசலில் ரிம்கள் வளையல் மாதிரி அடுக்கடுக்காகத் தொங்கும். உள்ளே லூதியானாவில் இருந்து வந்த சாக்குகளும் அட்டைப்பெட்டிகளும். மொத்த வியாபாரம் நடக்கிற இடம் என்பதால் முதல் கேள்வியே "எந்த ஊர் கடை?" என்பதுதான். ஒற்றை வண்டிக்கு என்றதும் இரண்டு கடைகளில் முகம் சுருங்கியது. மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் பொறுமையாக எடுத்துக் கொடுத்தார்: 22 பல் ஃப்ரீவீல் (பின் சக்கரத்துப் பல்சக்கரம்), பி.பி. செட் (பெடல் சுற்றும் அச்சும் அதன் குண்டுக் கிண்ணங்களும்), ஒரு ஜோடி காட்டர் பின் (பெடல் கையை அச்சோடு இறுக்கும் ஆப்பு), ராட் பிரேக்குக்கு நாலு கட்டை, பால்ரஸ் குண்டு ஒரு பொட்டலம். எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது. மனசுக்குள் யூரோவாக மாற்றிப் பார்த்துக்கொண்டேன். ஆறு யூரோ வாக்கில். இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. உட்ரெக்ட்டில் பின் டயர் ஒன்று மாற்றிக் கொடுக்க 50 யூரோவாவது வாங்குவார்கள். கூலிதான் பெரிசு.

ஊருக்கு வந்ததும்தான் என் முட்டாள்தனம் தொடங்கியது.

ராட் பிரேக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை, உள்பக்கமாக மேல்நோக்கி இழுத்து அழுத்தும். குரோம் பூசிய இரும்பு ரிம், அதில் மழைத் தண்ணீர் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அலுமினிய ரிம் போட்டு, கேபிள் பிரேக் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டேன். அக்கா பெயரில் இணையக் கடை ஒன்றில் 28 அங்குலம் என்று பார்த்து ஒரு ஜோடி இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் வாங்கினேன். மூன்றே நாளில் வீட்டு வாசலுக்கு வந்தது. அந்த வேகத்தைப் பார்த்து நானே பூரித்துப் போனேன்.

சைக்கிளையும் ரிம்களையும் டயர்களையும் எடுத்துக்கொண்டு சைக்கிள் மெக்கானிக் பாய் கடைக்குப் போனோம். அப்பாவின் வண்டியை முப்பது வருஷமாகத் தொட்டவர் அவர் ஒருவர்தான். ரிம்மை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், விரலால் ஓட்டைகளை எண்ணினார், கீழே வைத்தார். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் எத்தனை ஓட்டையோ, ரிம்மிலும் அத்தனை இருந்தால்தான் ஸ்போக்ஸ் கம்பி கோர்க்க முடியும்.

"தம்பி, இது 36 ஓட்டை. சார் வண்டி ஹப்பு பின்னாடி 40, முன்னாடி 32. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா 36 வரும். வீல் வராது."

அப்பா சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் பாய் நான் கொண்டுவந்த டயரை அந்த ரிம் மேல் வைத்துக் காட்டினார். தொளதொளவென்று நின்றது. சைக்கிள் உலகத்தில் 28 என்ற ஒரே பெயருக்குள் இரண்டு அளவு ஒளிந்திருக்கிறது. பழைய கறுப்பு வண்டிகளுக்கு 635, இப்போது வரும் 700சி ரகத்துக்கு 622. விட்டத்தில் 13 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் டயர் இன்னொன்றில் நிற்காது. ஒன்பது வருஷமாக ஹாலந்தில் சைக்கிள் மிதிக்கிறவன், பெட்டியில் 635 டயரைச் சுருட்டிக் கொண்டுவந்தவன், 622 ரிம் வாங்கியிருக்கிறேன். இந்த ரிம்மைத்தான் போடுவேன் என்றால் ஹப் இரண்டு, ஸ்போக்ஸ் கம்பி 72, டயர், டியூப் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது சைக்கிளே வந்துவிடும்.

திருப்பி அனுப்புகிற படலம் தனிக் கதை. பதிவு செய்தது ஐந்து நிமிஷம். எடுத்துப் போக வந்தவர் வந்த பெட்டியிலேயே இருந்தால்தான் வாங்குவேன் என்றார். அம்மா அந்தப் பெட்டியில் அதற்குள் அப்பளத்தைப் போட்டுப் பரணில் ஏற்றியிருந்தார். அப்பளத்தை இறக்கி, பெட்டியைத் துடைத்து வைத்தால், அடுத்த முறை வந்தவர் தன் மொபைலில் 'பொருள் பொருந்தவில்லை' என்ற காரணம் இல்லை என்று போய்விட்டார். மூன்றாவது ஆள் ஒன்றும் கேட்காமல் வாங்கிப் போனார். பணம் நான் உட்ரெக்ட் திரும்பிய பிறகுதான் அக்கா கணக்குக்கு வந்தது. வாங்கும்போது இருந்த வேகம் திருப்புவதில் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

ஆக, பிரேக் பழையபடி ராட் பிரேக்தான். பாய் கம்பிகளின் வளைவைச் சரிசெய்து, கணுக்களுக்கு எண்ணெய் விட்டு, புதுக் கட்டை போட்டு, ரிம்மின் உள்பக்கத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். காய்ந்த ரோட்டில் நன்றாகவே பிடிக்கிறது. மழையில் இப்போதும் எனக்குத் திருப்தி இல்லை. அதைச் சொன்னபோது பாய், "சார் என்ன ரேஸா ஓட்டுறார்?" என்றார். இதில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேகமாகப் போவது சார் இல்லை என்றாலும் எதிரே வருகிற மினி பஸ் வேகமாகத்தானே வருகிறது.

ஆனால் முட்டி வலிக்கு அவர் செய்த வேலைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அப்பாவின் வண்டியில் முன்னால் 48 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி கிட்டத்தட்ட ஆறு மீட்டர் ஓடும். சமதரையில் இளந்தாரிக்கு அது சரி. எதிர்க்காற்றிலும் பாலம் ஏறும்போதும் வயசானவர் முட்டிதான் அதற்கு வட்டி கட்டுகிறது. பின்னால் 22 பல் போட்டால் அதே சுற்றுக்கு ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும், அழுத்தம் அந்த அளவுக்குக் குறையும். நல்லவேளையாக இந்த ஃப்ரீவீல்களின் மரை எல்லாம் ஒரே அளவு, பழையதைக் கழற்றிப் புதியதைத் திருக வேண்டியதுதான். செயின் போதாதே என்று கேட்டேன். பின் சக்கரத்தை அரை அங்குலம் முன்னால் தள்ளி வைத்தார், பழைய செயின் கச்சிதமாக உட்கார்ந்தது.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு கருவி கொண்டுபோயிருந்தேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லாவில் இருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்தார். ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்து, அங்கிருந்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் செயினோடு பல்சக்கரமும் போச்சு. அதில் பாதி கூடினாலே செயினை மாற்றிவிட வேண்டும். எங்கள் செயின் அந்தப் பாதிக்கும் கீழேதான் இருந்தது. செயின் கவர் முழுசாக மூடியிருப்பதால் மண் ஏறவில்லையாம். என் கருவி உட்ரெக்ட்டில் 15 யூரோ.

காட்டர் பின்னையும் பி.பி. குண்டுகளையும் மாற்றியதும் முன்பு மிதிக்கும்போது கேட்ட 'கடக் கடக்' நின்றது. முழு ஓவராயில், இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்தது, டயர் மாற்றியது எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் வேலைக்கு பாய் கேட்டது 400 ரூபாய். நான் 1000 கொடுத்தேன். மீதியை எண்ணித் திருப்பித் தந்தார். வற்புறுத்தியபோது, "அடுத்த தடவை சார்கிட்ட நான் 400 கேட்டா அவர் என்ன நினைப்பார்?" என்றார். அப்பாவும் அதையே வீட்டில் வந்து சொன்னார், இன்னும் கொஞ்சம் சூடாக.

சீட்டு வேலை சுமார். டூ வீலர் சீட் தைக்கிற கடையில் புது ரெக்சின், உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து 200 ரூபாய்க்குத் தைத்துத் தந்தார்கள். மறுநாளே மூக்குப் பக்கம் தையல் பிரிந்தது. கேட்டதும் காசு வாங்காமல் மறுபடி தைத்தார்கள், அது நின்றிருக்கிறது. சீட்டை இரண்டு அங்குலம் உயர்த்தச் சொன்னேன். சீட்டு தாழ்ந்திருந்தால் முட்டி அதிகம் மடங்கும். அப்பா காலை ஊன்ற முடியாது என்று பிடிவாதம் பிடித்து ஒரு அங்குலத்துக்குச் சம்மதித்தார்.

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் போடலாம் என்ற யோசனையும் இருந்தது. பட்டறையில் விசாரித்தால், பழைய பெயின்ட் முழுவதையும் சுரண்டிவிட்டு 200 டிகிரி வாக்கில் அடுப்பில் சுடுவார்கள் என்றார்கள். செயின் கவரில் மஞ்சள் பெயின்ட்டில் தாத்தாவின் இனிஷியலோடு அப்பாவின் பெயர் எழுதியிருக்கிறது, பக்கத்தில் ஒரு தாமரை மொட்டு. எழுதியவர் இப்போது இல்லை. ஸ்டிக்கர் கடைக்காரர் போட்டோ எடுத்து அப்படியே கம்ப்யூட்டரில் வெட்டித் தருகிறேன் என்றார். அப்பா பதிலே சொல்லவில்லை. கோட்டிங்கை விட்டுவிட்டேன். மணியை மட்டும் கழற்றிக் கொண்டுபோனேன். கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறைக்குப் பஞ்சமா? மேலே முலாம் போய்ப் பித்தளை தெரிந்துகொண்டிருந்த மூடியைப் பஃபிங் சக்கரத்தில் இரண்டு நிமிஷம் பிடித்துக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. குத்துவிளக்கு மாதிரி வந்துவிட்டது.

இதையெல்லாம் பார்த்து அக்கா மகளுக்கும் ஆசை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி அவளுடையது. கியர் வேண்டும் என்றாள். பின் கவட்டையின் அகலம் ஏழு அடுக்குப் பல்சக்கரத்துக்குப் போதாது, வளைத்துப் போட்டால் ஃபிரேம் கெட்டுவிடும் என்று பாய் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒரே வண்டி. சாயங்காலம் ஸ்டாண்டில் தன்னுடையதைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொருத்தியும் அலங்காரம் செய்கிறாள் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது. கம்பிக்கு ஊதா முத்து, ஹப்பில் பூ மாதிரி வளையம், கூடை, பளபளக்கும் கைப்பிடி. எல்லாம் 350 ரூபாய். ஒரு சார்ஜ் விளக்கும் வாங்கிக் கொடுத்தேன், முதல் மழையிலேயே அணைந்துபோனது. வாங்கிய இடத்தில் கேட்டதற்கு, மழையில் யார் சைக்கிள் ஓட்டச் சொன்னது என்றார்கள்.

அப்பா முதல் மூன்று நாள் "கால் சும்மா சுத்துது, வண்டி போகவே மாட்டேங்குது" என்று குறைப்பட்டார். நாலாம் நாள் கடைத்தெருவில் இருந்து வரும் வழியில் அரசலாற்றுப் பாலத்தில் இறங்காமலே ஏறி வந்ததாக அம்மாவிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பாயிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். டயரைப் பற்றித்தான் பேச்சு. வருகிறவர்கள் எல்லாம் சார் வண்டி டயர் ராத்திரி மின்னுகிறதே, எங்கே வாங்கியது என்று கேட்கிறார்களாம். பால்காரர் ஒருவர், ரைஸ்மில் கணக்குப்பிள்ளை ஒருவர், கூடவே பாயின் சொந்த வண்டி. "மூணு ஜோடி வேணும் தம்பி, காசு இப்பவே தரேன்" என்று சொல்லி, மறக்காமல் இருக்க அட்டையைக் கிழித்து 40-635 என்று எழுதிக் கையில் திணித்தார். ஒரு டயர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அடுத்த முறை சாக்லேட் கிடையாது என்று அக்கா மகளிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.