கால்ல சுடுதண்ணி ஊத்தாம சாப்பிட ஒரு இட்லிக்கடை

மதுரை ரயில் நிலையம் எதிரே, மேல வெளி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்கிற அவசரத்தில் நின்றபடியே பார்சல் கேட்டேன், உடனே கடைக்கார அக்கா, "ஏன் தம்பி, கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்ட மாதிரி பறக்குறீக, உக்காருங்க" என்றார். சின்ன வயதிலிருந்து கேட்ட சொலவடைதான், ஆனால் இட்லிச் சட்டியை இறக்கிய பையனின் பாதத்தில் கொதிநீர் தெறித்து, அவன் ஒற்றைக்காலில் குதித்தபோதுதான் உறைத்தது: சுட்ட கால் தரையில் நிற்காது, அவசரக்காரனும் அப்படித்தான்.

சரி, இட்லி? துணியில் வெந்தது, தொட்டாலே பிரிகிறது. காரச் சட்னி பிரமாதம், சாம்பார் சுமார். பார்சலுக்குப் 10 நிமிஷம் ஆகும், முன்னாடியே போங்கள். அந்தப் பையனுக்கு அக்கா உடனே தண்ணீர் ஊற்றி உட்கார வைத்தார், அதற்காகவே மறுபடி போவேன்.