பி.ஐ.சி. நேரம்: ஓட்டியவர் கணக்கா, பொறுப்பாளர் கணக்கா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய் விமானி பயிற்சி முடித்து வரும் பிள்ளைகளை லாக்புக்கில் (பறந்த மணிகளைப் பதியும் ஏட்டில்) அதிகம் குழப்புவது, பி.ஐ.சி. (பைலட் இன் கமாண்ட், அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானி) நேரமாக எதை எழுதுவது என்பதுதான்.

யார் எழுதலாம்?
ஓட்டியவர் கணக்கு: அமெரிக்காவின் 61.51 விதி. அந்த ரக விமானத்துக்குத் தகுதி பெற்றவர், கட்டுப்பாடு தன் கையில் மட்டும் இருந்த நேரத்தை எழுதலாம்.
பொறுப்பாளர் கணக்கு: யார் ஓட்டினாலும் கேப்டன் மட்டுமே.

திருவனந்தபுரத்தில் துணை விமானி தரையிறக்குகிறார் என்று வையுங்கள். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பிடி அவர் கையில்தான். ஆனால் இறங்குவதா, வேறு விமான நிலையத்துக்குப் போவதா என்பதில் கடைசிச் சொல் கேப்டனுடையது. பயணிகளின் உயிருக்குப் பொறுப்பும் அவரே. அதனால் இரண்டாவது கணக்குதான் நியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கே செல்லும்?
ஓட்டியவர் கணக்கு: அமெரிக்க உரிமத் தகுதிக்குச் செல்லும்.
பொறுப்பாளர் கணக்கு: அங்குள்ள ஏர்லைன்களே வேலைக்கு எடுக்கும்போது பெரும்பாலும் இதைத்தான் கேட்கின்றன.

இந்திய வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி பி.ஐ.சி. தனியார் உரிமம் வாங்கியபின் பயிற்றுநரோடு பறந்ததை அங்கே பி.ஐ.சி. என எழுதலாம், இங்கே அது டூயல் (பயிற்றுநரோடு பறந்த) நேரம், பி.ஐ.சி.யில் சேராது. கூட்டிப் பார்த்தால் துண்டு விழும்.

அமெரிக்காவிலேயே உரிமம், வேலை என்றால் இரண்டு கணக்கையும் லாக்புக்கில் தனித்தனி நெடுவரிசையில் எழுதுங்கள். ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், தனியாகப் பறந்த மணிகளை அங்கிருக்கும்போதே 100-க்கு மேல் சேர்த்துவிடுங்கள்.