எல்எஸ்3/5ஏ-வுக்கு மாற்று டிரைவர்: நான்கு வழிகள், எது தேறும்?

எல்எஸ்3/5ஏ என்ற பிபிசி வடிவமைத்த குட்டி ஸ்பீக்கரை வைத்திருப்பவருக்கு வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் டிரைவர், போய்விட்டால், முதலில் தேடுவது "அஞ்சு இன்ச், 8 ஓம்" என்பதைத்தான். அளவும் ஓமும் ஒத்துப்போனால் போதும் என்று வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பிறகு இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் வேறு மாதிரி பாடுகிறது என்கிறார்கள். அப்படித்தான் பாடும். இந்தப் பெட்டியில் ஒலி எழுப்பும் டிரைவரும், டிரைவர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றும் தனித்தனிச் சாமான்கள் அல்ல. ஒன்றை மாற்றினால் மற்றதன் வேலையும் பாதி கெட்டுப்போகும். நம் முன்னால் இருக்கும் நான்கு வழிகளையும் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. இந்த ஸ்பீக்கரின் வரலாறே இதற்குச் சாட்சி. பிபிசியின் பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் வைக்க ஒலியைக் கேட்டுச் சரிபார்க்க ஒரு குட்டி மானிட்டர் ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். அதன் பெயர் எல்எஸ்3/5. கொஞ்சம் பெட்டிகள் செய்தார்கள், நன்றாக வேலை செய்தன. இன்னும் வேண்டும் என்று மறுபடி செய்யப் போனபோது, கெஃப் கம்பெனியிலிருந்து வந்த வூஃபர், ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சிறிய டிரைவர்) இரண்டுமே முன்பு வந்தவற்றிலிருந்து மாறிப்போயிருந்தன. அதே கம்பெனி, அதே மாடல் டிரைவர். ஆனாலும் பழைய கிராஸ்ஓவரோடு பொருந்தவில்லை. உட்கார்ந்து மறுபடி வடிவமைத்தார்கள், பெயரோடு 'ஏ' சேர்ந்தது. 1976-ல் வந்த பிபிசி ஆராய்ச்சி அறிக்கையில் இதைப் படிக்கலாம். 1987 வாக்கில் இதே கதை திரும்பவும் நடந்தது. பி110 வூஃபர் மாறியது, அதற்கேற்பக் கிராஸ்ஓவரும் புதிதானது. 15 ஓம் பெட்டி 11 ஓம் பெட்டி ஆனது அப்போதுதான். பிபிசியாலேயே கிராஸ்ஓவரைத் தொடாமல் டிரைவரை மாற்ற முடியவில்லை என்றால், நாம் எந்த மூலைக்கு?

அந்தக் கிராஸ்ஓவர் என்ன செய்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 3 கிலோஹெர்ட்ஸ் அருகே வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பங்கு பிரிப்பது அதன் வேலையில் ஒரு பகுதிதான். பி110-இன் கோன், அதாவது முன்னால் அதிரும் கூம்பு, பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக். 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதன் ஒலி கொஞ்சம் மேடிட்டு நிற்கும். அந்த மேட்டைச் சரியாக அதே இடத்தில், அதே அளவுக்குச் செதுக்கி எடுக்கக் கிராஸ்ஓவரில் தனிச் சுற்று இருக்கிறது. 15 ஓம் மாடலில் ட்வீட்டருக்குப் போகும் அளவைக் கூட்டிக் குறைக்க, பல முனைகள் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் மாட்டியிருக்கும் டிரைவருக்கு ஏற்ற முனையைப் பார்த்துத் தொழிற்சாலையில் இணைத்திருப்பார்கள்.

எதையும் வாங்குவதற்கு முன், உண்மையிலேயே போனது டிரைவர்தானா என்று பாருங்கள். டிரைவரின் கம்பியைக் கிராஸ்ஓவரிலிருந்து கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள். 15 ஓம் என்பது மொத்தப் பெட்டிக்கான கணக்கு. உள்ளே இருப்பவை 8 ஓம் டிரைவர்கள். மீட்டரில் 6, 7 ஓம் காட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான 'காயில்' உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. வூஃபர் கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சரசரவென்று உரசினால் காயில் மேக்னெட் இடைவெளியின் நடுவே இல்லை. இடது ட்வீட்டரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. கோளாறு டிரைவரோடு இடம் மாறினால் டிரைவர். மாறாமல் அதே பெட்டியில் நின்றால் கிராஸ்ஓவர், பெரும்பாலும் அதன் கெபாசிட்டர். ஐம்பது வருடத்தை நெருங்கும் கெபாசிட்டர்களைச் சந்தேகிக்காமல் டிரைவர் தேடுவது வீண் செலவு.

சரி, டிரைவர்தான் போய்விட்டது. முதல் வழி, இருப்பதையே ரிப்பேர் செய்வது. மற்ற பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றில் இதுதான் முதல் மருந்து. அக்கூஸ்டிக் ரிசர்ச் ஏஆர்-3ஏ போன்றவற்றில் ஓரத்து ஃபோம் பொடிந்து உதிரும். புது ஃபோம் ஒட்டினால் பழைய வூஃபர் பழையபடி பாடும், காயிலும் கோனும் அசல் என்பதால் குணமும் மாறாது. எல்எஸ்3/5ஏ-வுக்கு அந்த அதிர்ஷ்டம் பாதிதான். பி110-இன் ஓரம் ரப்பர் வகை, ஃபோம் போல உதிர்ந்து போகாது. போவது பெரும்பாலும் காயில். நம்மூர் ரீகோன் கடைகளில் மேடை ஸ்பீக்கரின் காகிதக் கோனை அழகாக மாற்றித் தருவார்கள், அந்தக் கைத்திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெக்ஸ்ட்ரீன் கோனுக்கு அங்கே மாற்று கிடைக்காது. காகிதக் கோன் போட்டால் அது பி110-இன் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் வேறொரு வூஃபர். கம்பி முனை விட்டுப்போயிருந்தால், சாலிடர் வைத்துச் சரியாகும் வேலை என்றால், தாராளமாக ரிப்பேர் செய்யுங்கள். கோனையே மாற்ற வேண்டும் என்றால் இந்த வழியை விட்டுவிடலாம்.

இரண்டாவது, அதே காலத்து கெஃப் டிரைவரைத் தேடி வாங்குவது. பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும் எல்எஸ்3/5ஏ-வுக்காக மட்டும் பிறந்தவை அல்ல. கெஃபின் சொந்தப் பெட்டிகளிலும் லின் போன்ற மற்றக் கம்பெனிகளின் பெட்டிகளிலும் இருந்தன. அதனால் சந்தையில் கிடைக்கிறது. ஏமாறும் இடமும் இதுதான். பி110 என்ற ஒரே பெயரில் பல வகை உண்டு. மேக்னெட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்க வேண்டும். 15 ஓம் எல்எஸ்3/5ஏ-வுக்கு எஸ்பி1003; 11 ஓமுக்கு எஸ்பி1228. ட்வீட்டர் இரண்டுக்கும் எஸ்பி1032. லேபிள் படம் அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். லேபிள் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. பிபிசி விதிப்படி எல்எஸ்3/5ஏ-வுக்குப் போன டிரைவர்கள் அளந்து பொறுக்கி எடுத்தவை. வேறு பெட்டியிலிருந்து கழற்றிய எஸ்பி1003 அந்தப் பொறுக்கலில் தேறியதா என்று யாருக்கும் தெரியாது. அளந்து, ஜோடியாகத் தருகிறவரிடம் வாங்கினால் இது நல்ல வழி. ஒற்றையாக, அளக்காமல் வாங்கினால் குருட்டாம்போக்குதான்.

மூன்றாவது, இன்று புதிதாகச் செய்யும் அதே டிரைவர். ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி பி110-ஐயும் டி27-ஐயும் மறுபடி தயாரிக்கிறது. இதை வெறும் நகல் என்று தள்ளிவிட முடியாது. கெஃபில் அந்த இரண்டு டிரைவர்களையும் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ்தான் 1972-ல் ஃபால்கனைத் தொடங்கியவர். வூஃபருக்குப் பெக்ஸ்ட்ரீன் கோன், ட்வீட்டருக்கு 19 மில்லிமீட்டர் டோம் (குவிந்த அதிர்வுப் பகுதி) என்று பழைய வழியிலேயே செய்கிறார்கள். பிபிசி உரிமத்தோடு 15 ஓம் எல்எஸ்3/5ஏ-வையே முழுப் பெட்டியாகவும் விற்கிறார்கள். டிரைவர் ஜோடியாகக் கிடைக்கும். விலை அதிகம்தான். கப்பல் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்தால் கையைக் கடிக்கும். ஆனால் நான்கு வழிகளில் கிராஸ்ஓவரைத் தொடாமல், மாட்டியவுடன் ஒலி எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியது இது ஒன்றுதான். காயிலுக்கு வயது பூஜ்யம் என்பது இன்னொரு நிம்மதி. பழைய ஜோடியை வாங்கினால் அதுவும் ஐம்பது வருடம் உழைத்த காயில்தான்.

நான்காவது, இன்றைய வேறு டிரைவர். மலிவு என்பதால் எல்லாரும் இங்கேதான் போய் விழுகிறார்கள். ட்வீட்டருக்கு சியாஸ் கம்பெனியின் 19 மில்லிமீட்டர் டோம்களைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல ட்வீட்டர்கள்தான், இன்னொரு பெட்டிக்கு. வூஃபரில் சங்கடம் இன்னும் பெரிது. எல்எஸ்3/5ஏ-வின் மொத்த உணர்திறன், அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தமாகப் பாடும் என்பது, 82.5 டெசிபல் அளவில்தான் இருக்கும். இன்றைய ஐந்து அங்குல வூஃபர் ஒன்று 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். மாட்டியவுடன் வூஃபர் முந்திக்கொண்டு கத்தும், ட்வீட்டர் பின்னால் ஒதுங்கும். கிராஸ்ஓவரோ இல்லாத மேட்டைச் செதுக்கிக்கொண்டிருக்கும்; அதனால் பாடகர் குரல் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் விழும். பேஸ் பக்கமும் இதே கதி. இன்றைய சிறிய வூஃபர்களில் பெரும்பாலானவை துளை வைத்த பெட்டியை நினைத்துச் செய்தவை. சுமார் 5 லிட்டர் மூடிய பெட்டிக்குள் வைத்தால் எல்எஸ்3/5ஏ-வின் அந்தத் தனி வெதுவெதுப்பு கிடைக்காது, மெலிந்துபோகும். பி110 முன்பலகையின் பின்பக்கமிருந்து பொருந்துவதால் சட்டம்கூட ஒழுங்காக உட்காராது. அதற்காக மரத்தைக் குடைந்துவிட்டால் அசல் டிரைவர் கிடைத்தாலும் பழையபடி மாட்ட முடியாது. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இந்த நான்காவது வழி தவறு என்று சொல்லவில்லை, அரைகுறையாகச் செய்வதுதான் தவறு. ஸ்டெர்லிங் பிராட்காஸ்ட் கம்பெனி கெஃப் டிரைவர்கள் நின்றுபோன பிறகு வேறு டிரைவர்களை வைத்து எல்எஸ்3/5ஏ வி2 என்று ஒன்று கொண்டுவந்தது. பழைய ஒலிக்குப் பொருந்தும்படி கிராஸ்ஓவரைப் புதிதாக வடிவமைத்தவர் டெரெக் ஹ்யூஸ். ஸ்பெண்டரைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹ்யூஸின் மகன். வேறு டிரைவரில் இந்த ஒலி சாத்தியம் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் அதற்கு அளவு மைக்கும், கிராஸ்ஓவர் வடிவமைப்பு அறிவும், பொறுமையும் வேண்டும். அவை உங்களிடம் இருந்தால் பழைய எல்எஸ்3/5ஏ-வைத் தொடாமல் புதுப் பெட்டியில் செய்யுங்கள்.

ஆக, ட்வீட்டர் போயிருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன்: இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புது டி27 ஜோடி. 15 ஓம் மாடல் என்றால், மாட்டிய பிறகு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் முனையைச் சரிபார்க்க வேண்டும். ட்வீட்டரைச் சுற்றி ஒட்டியிருக்கும் கம்பளித் துண்டுகளைக் கிழிக்காமல் எடுங்கள். அலங்காரத்துக்கு இருப்பவை அல்ல, பெட்டி ஓரத்தில் ஒலி பட்டுச் சிதறாமல் தடுப்பவை. 15 ஓம் பெட்டியின் வூஃபர் போயிருந்தால், அளந்து தரும் பழைய எஸ்பி1003 ஜோடி நியாயமான விலைக்குக் கிடைத்தால் அது, இல்லையென்றால் ஃபால்கன் பி110 ஜோடி.

11 ஓம் பெட்டிக்காரர்கள்தான் அதிகம் யோசிக்க வேண்டும். எஸ்பி1228 எளிதில் கிடைக்காது. அவசரப்பட்டு 15 ஓம் வகை பி110-ஐ 11 ஓம் கிராஸ்ஓவரோடு இணைத்தால், 1987-ல் கெஃப் சரிசெய்த அதே பொருத்தமின்மையைத் தலைகீழாகத் திரும்ப வரவழைக்கிறீர்கள். ஒன்று, எஸ்பி1228 கிடைக்கும்வரை காத்திருங்கள். இல்லை, வூஃபர் ஜோடியோடு 15 ஓம் கிராஸ்ஓவர் ஜோடியையும் சேர்த்தே வாங்கி, இரண்டு பெட்டியையும் ஒரே நாளில் மாற்றுங்கள். கழற்றிய 11 ஓம் கிராஸ்ஓவர்களையும் நல்ல நிலையில் இருக்கும் அந்த ஒற்றை வூஃபரையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். அவற்றைத் தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு 11 ஓம்காரர் நிச்சயம் எங்காவது இருக்கிறார்.