பெரிய வீட்டுக் கொலைகள்: செட்டிநாட்டு வாசகருக்கு யோகோமிசோ நாவல்கள்

இங்கிலாந்துப் பங்களாக் கொலைகளைக் கரைத்துக் குடித்த வாசகர்கள் காரைக்குடிப் பக்கம் நிறைய உண்டு. அடுத்து என்ன படிக்கலாம் என்று அவர்கள் கேட்டால் தயங்காமல் கைகாட்டக்கூடியவை ஜப்பானிய எழுத்தாளர் செய்ஷி யோகோமிசோவின் நாவல்கள். 1902இல் கோபேயில் பிறந்தவர், மருந்தாளுநர் படிப்பு படித்தவர், 1981இல் மறைந்தார். போர்க்காலத்தில் ஒகயாமா பக்கம் ஒரு கிராமத்தில் குடியிருந்தபோது பழைய குடும்பங்களின் கதைகள் அவருக்குக் கிடைத்தன. 1946இல் பத்திரிகைத் தொடராக வந்த 'ஹோன்ஜின்' கதையில்தான் துப்பறிவாளர் கிண்டாய்ச்சி கோசுகே அறிமுகமாகிறார். கசங்கிய உடை, பரட்டைத் தலை, பதற்றம் வந்தால் திக்குவாய், யோசனை வந்தால் தலைச்சொறி. 2019 முதல் லண்டனின் புஷ்கின் வெர்டிகோ பதிப்பகம் இந்த வரிசையை ஆங்கிலத்தில் கொண்டுவருகிறது.

இவற்றில் வீடு வெறும் களம் அல்ல, கொலைக்கு முதல் காரணமே அதுதான். யாருக்கு எந்த அறை, எந்தக் கதவு யாருக்காகத் திறக்கும், மூத்த வீடு எது, கிளை வீடு எது என்று விளங்கினால்தான் முடிச்சு விளங்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்கு இது பாதி தெரிந்த சங்கதி. மீதிப் பாதியில்தான் கவனம் வேண்டும்.

நம்மூர்ப் பங்காளிக் கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோனால் கொலைக்கான காரணமே பிடிபடாது. இங்கே அண்ணன் தம்பிகளுக்குச் சமபங்கு. கல்யாணம் ஆனதும் வேறு வைத்து, ஒவ்வொரு புள்ளியும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும், தனித்தனியாக உலை வைத்தாலும் வளவு எல்லோருக்கும் பொது. ஜப்பானில் 1947 சட்டத் திருத்தம் வரும்வரை வீட்டுத் தலைமையும் சொத்தும் ஒருவருக்குத்தான், வழக்கமாக மூத்த மகனுக்கு. தம்பி பிரிந்துபோய்க் கிளை வீடு வைத்தால் அது என்றைக்கும் ஒரு படி கீழே. நடுவில் நிற்கும் ஒரே ஓர் உயிர் போனால் மொத்தச் சொத்தும் கைமாறும் என்ற நிலை அங்கே உண்டு. பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, நமக்குத் தெரிந்த வழக்கம்தான். அங்கேயோ மருமகனையே மகனாகக் கூட்டிக் குடும்பப் பெயரையும் கொடுத்துவிடுவார்கள். பங்காளிக்குள் பெண் எடுக்காத நமக்கு இது சட்டென்று பிடிபடாது. ஒரு பாத்திரத்துக்குத் திடீரென்று குடும்பப் பெயர் மாறினால் அச்சுப்பிழை என்று தாண்டிவிடாதீர்கள்.

முதலில் வாங்க வேண்டியது 'தி இனுகாமி கர்ஸ்'. ஏரிக்கரை ஊர் ஒன்றில் பட்டுத் தொழிலில் பெரும் பணம் சேர்த்த கிழவர் இறக்கிறார். மூன்று தாய்களுக்குப் பிறந்த மூன்று மகள்கள், அவர்களுக்கு ஆளுக்கொரு மகன். உயிலைப் பிரித்துப் படிக்கும் காட்சி இந்த வரிசையிலேயே ஆகச் சிறந்தது. கூடத்தில் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, போரில் முகம் சிதைந்து முகமூடியோடு திரும்பியிருக்கும் பேரன் ஒரு பக்கம், சொத்துக்கு நிபந்தனையாக வைக்கப்பட்ட பெண் இன்னொரு பக்கம். ஒரு வரி படிக்கப்படும்போது யார் மூச்சு எங்கே நின்றது என்பதுவரை எழுதியிருக்கிறார். பங்கு பிரிக்கும் பேச்சில் ஒருமுறை உட்கார்ந்தவர்களுக்கு அந்த மௌனம் தெரியும்.

இதில் பலரும் தடுக்கி விழுவது பெயர்களில். பேரன்கள் சுகேகியோ, சுகேதாகே, சுகேதோமோ. மூன்றும் 'சுகே'யில் தொடங்குவதால் ஐம்பதாவது பக்கத்தில் குழம்பிவிடும். தாய்மாரின் பெயரைப் பிடித்துக்கொண்டால் போதும்: மாட்சுகோவில் இருப்பது பைன் மரம், தாகேகோவில் மூங்கில், உமேகோவில் பிளம் மரம். மங்கலத்துக்கு ஜப்பானியர் சேர்த்துச் சொல்லும் மூன்று மரங்கள் இவை. பைன் மகன் கியோ, மூங்கில் மகன் தாகே, பிளம் மகன் தோமோ என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். ஒரே பெயர் தலைமுறைதோறும் திரும்பி வர, விலாசத்தை, அதாவது பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகளை, வைத்து ஆளைப் பிரித்தறியும் நமக்கு இது பெரிய வேலை இல்லை. குடும்பச் சின்னங்களான கோடரி, கோதோ (தந்தி இசைக்கருவி), செவ்வந்தி என்ற மூன்றும் ஜப்பானிய மொழியில் யோகி, கோதோ, கிகு. சேர்த்துச் சொன்னால் 'நல்ல சேதி கேட்பது' என்று சிலேடையாகும். அந்தச் சொற்களை எழுதிவைத்துக்கொண்டால் கொலைகளின் வரிசை வேறு மாதிரி தெரியும்.

இரண்டாவதாக 'தி ஹோன்ஜின் மர்டர்ஸ்'. இருநூறு பக்கத்துக்குள் அடங்கும் சின்னப் புத்தகம், ஆனால் பென்சில் இல்லாமல் படிக்கக் கூடாது. ஹோன்ஜின் என்பது அந்தக் காலத்தில் பிரபுக்கள் பயணத்தில் தங்கிய விடுதி; அந்தப் பெருமையை விடாத குடும்பத்தில், 1937இல், கல்யாண இரவில், தனிக் கட்டடத்தில் கொலை. சுற்றிலும் பனி, காலடி இல்லை. தேக்குக் கதவும் இரும்புத் தாழ்ப்பாளும் பார்த்த கண்ணுக்கு, பூட்டிய அறை என்றதும் நம்மூர்ப் பெட்டக அறைதான் தோன்றும். அந்தப் படம் இங்கே உதவாது. ஜப்பானிய அறையைப் பிரிப்பது மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய தள்ளுகதவு. தடித்த காகிதக் கதவு ஃபுசுமா, வெளிச்சம் விடுவது ஷோஜி, மழைக்கும் திருட்டுக்கும் வெளியே போடும் மரப்பலகைக் கதவு அமாதோ. இரவில் அமாதோவை உள்ளிருந்து அடைத்துவிட்டதால்தான் அது பூட்டிய அறையாகிறது. தள்ளுகதவுக்கு மேலே காற்றுக்காக விடும் செதுக்கு வேலைப்பாட்டுச் சட்டம் ரான்மா. நம்மூர் நிலைக்கு மேலே வருவது போல. நீங்கள் பென்சிலால் வரையும் வீட்டு வரைபடத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

அறையின் அளவைத் தத்தாமிப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாய் சுமார் 90 செ.மீ. அகலம், 180 செ.மீ. நீளம். ஆறு பாய் அறை என்றால் ஏறக்குறைய 10 சதுர மீட்டர். கட்டம் போட்ட நோட்டில் ஒரு பாய்க்கு இரண்டு கட்டம் வைத்து வரைந்தால் சரியாக வரும். கோதோ என்ற இசைக்கருவியையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: 13 தந்தி, ஒவ்வொரு தந்திக்கும் அடியில் நகர்த்தக்கூடிய ஒரு குதிரை, வாசிப்பவர் மூன்று விரல்களில் நகக்கவசம் மாட்டுவார். இவ்வளவும் கைவசம் இருந்தால் ஆசிரியரோடு சமமாகப் போட்டி போடலாம். குறையும் உண்டு: கடைசி விளக்கம் இயந்திரக் கணக்காக நீள்கிறது, கொலைக்கான காரணம் இன்றைக்குப் படிக்கையில் எரிச்சல் தருகிறது.

'டெத் ஆன் கோகுமோன் ஐலண்ட்' மூத்த வீடு, கிளை வீடு பகையை அறிய ஆகச் சிறந்தது. போர் முடிந்த 1946, ஒரு தீவு, மூன்று தங்கைகள். கதையில் ஹைக்கூவுக்கு முக்கிய இடம் உண்டு; அதில் பருவத்தைக் குறிக்கும் சொல் கட்டாயம் வரும் என்ற விதியை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டு படியுங்கள். ஒரு முக்கியத் தடயம் இருபொருள் தரும் ஜப்பானியச் சொல்லில் நிற்பதால் ஆங்கிலத்தில் கொஞ்சம் வலு குறைந்துதான் வருகிறது. அது மொழிபெயர்ப்பாளரின் தவறல்ல.

'தி வில்லேஜ் ஆஃப் எய்ட் கிரேவ்ஸ்' துப்பறியும் கதை என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். பரம்பரைச் சொத்துக்காகக் கிராமத்துக்கு அழைத்துவரப்படும் இளைஞன் தானே சொல்லும் கதை அது. குகை, புதையல், ஊர்ப்பகை என்று ஓடும். கிண்டாய்ச்சி ஓரமாகத்தான் வருவார். பொழுது போவது தெரியாது, புதிர் கம்மி. 'தி டெவில்ஸ் ஃப்ளூட் மர்டர்ஸ்' பிரபுப் பட்டங்கள் ஒழிந்த 1947இல் நடக்கிறது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தபின் சிவகங்கைச் சீமையில் பெரிய வீடுகள் என்னவாயின என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வெறுமை பழகிய ஒன்று.

பத்திரிகைத் தொடராக எழுதியவை ஆகையால் அத்தியாய முடிவில் 'அப்போது யாருக்கும் தெரியவில்லை' வகைத் தூண்டில்களும், நடந்ததைத் திரும்பச் சொல்வதும் இருக்கும். நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று நிறுத்திப் படிப்பவர்களுக்கு அதுவே வசதி. ஒரே மூச்சில் படித்தால் அலுக்கும்.

மின்னூலா, அச்சா? இனுகாமிக்கு மின்னூல் நல்லது. பெயரை அழுத்தித் தேடினால் ஆள் முதலில் எங்கே வந்தார் என்று காட்டிவிடும். ஹோன்ஜினுக்கு அச்சுப் புத்தகம்தான், நான்கு பக்கம் முன்னும் பின்னும் புரட்டியபடியே படிக்க வேண்டியிருக்கும். பசை ஒட்டிய அட்டை என்பதால் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டால் முதுகு வெடித்து ஏடு கழன்றுவிடும். புதுப் புத்தகத்தை நடுவில் மடக்காமல், முன்னிருந்து பத்துப் பக்கம், பின்னிருந்து பத்துப் பக்கம் என்று மாறி மாறி மெதுவாக அழுத்தித் திறந்து பழக்கிவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.