7ஆல் வகுபடுமா? ஒரே எண்ணில் ஐந்து குறுக்குவழிகள்

2, 5, 10 என்றால் கடைசி இலக்கம் போதும். 4க்குக் கடைசி இரண்டு இலக்கம், 8க்குக் கடைசி மூன்று, 3க்கும் 9க்கும் இலக்கங்களின் கூடுதல். இவற்றில் போட்டிக்கே இடமில்லை. சிக்கல் 7இல்தான் தொடங்குகிறது. 'அதற்கு விதி கிடையாது, வகுத்துத்தான் பார்க்கணும்' என்று சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விதி இல்லாமல் இல்லை, ஒன்றுக்கு ஐந்தாக இருக்கிறது. எதை எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி. ஐந்தையும் ஒரே எண்ணில் ஓட்டிப் பார்த்தேன்: 582647913407.

முதலாவது, பலருக்கும் தெரிந்த வால் வெட்டும் வழி. கடைசி இலக்கத்தை வெட்டி, அதன் இரண்டு மடங்கை மிச்சத்திலிருந்து கழிக்க வேண்டும். 58264791340இலிருந்து 14 போக 58264791326. அப்புறம் 5826479120, 582647912, 58264787, 5826464, 582638, 58247, 5810, 581, கடைசியில் 56. ஆக, 7ஆல் வகுபடும். உள்ளே நடப்பது எளிது: எண்ணிலிருந்து கடைசி இலக்கத்தின் 21 மடங்கைக் கழிக்கிறோம், வலது ஓரத்தில் வந்து நிற்கும் பூஜ்ஜியத்தை எறிந்துவிடுகிறோம். 21 என்பது 7இன் மடங்கு என்பதால் விடை மாறாது. ஆனால் பத்து படி ஆயிற்று, ஒவ்வொரு படியிலும் நீளமான எண்ணைத் திரும்ப எழுத வேண்டும். இடையில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினால் எல்லாம் போச்சு. இந்த நீளத்துக்கு நேரடியாக வகுப்பதே மேல் என்பேன்.

இன்னொரு குறை பலர் கவனிக்காதது. இது 'வகுபடும், வகுபடாது' என்று மட்டும் சொல்லும், மீதியைச் சொல்லாது. 10ஐ எடுங்கள். வால் வெட்டினால் 1 வருகிறது. உண்மையான மீதியோ 3.

இரண்டாவது இதன் தம்பி: இரண்டு மடங்கைக் கழிப்பதற்குப் பதில் ஐந்து மடங்கைக் கூட்டுவது. 2019இல் லண்டனில் படித்துக்கொண்டிருந்த நைஜீரியச் சிறுவன் ஒருவன் தானாகவே இதைக் கண்டறிந்து செய்திகளில் வந்தான். விதி அதற்கு முன்பே புத்தகங்களில் இருந்ததுதான். ஆனாலும் யாரும் சொல்லித்தராமல் அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம், மனசார மெச்சுகிறேன். கழித்தல் இல்லாததால் குறை எண் பயம் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். 49இல் 4உடன் 45 கூட்டினால் மறுபடி 49. 14இல் தொடங்கினால் 21, 7, 35, 28, 42 என்று சுற்றித் திரும்ப 14க்கே வரும். நீளமான எண்ணில் இதற்கும் அண்ணனுக்குள்ள அதே பாடுதான்.

மூன்றாவது, இலக்கங்களுக்கு எடை கொடுக்கும் வழி. 1, 10, 100, 1000 என்று போகும் அடுக்குகளை 7ஆல் வகுத்தால் மீதி 1, 3, 2, 6, 4, 5 என்று வந்து, பிறகு அதே வரிசை திரும்பும். இப்படி மீதிகளை வைத்து எந்த எண்ணுக்கும் விதி அமைக்கலாம் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் எழுதினார். 6, 4, 5க்குப் பதில் -1, -3, -2 என்று வைத்துக்கொண்டால் கை லேசாகும். நம் எண்ணை வலமிருந்து பெருக்கிக் கூட்டினால் 7+0+8-3-3-18+7+12+12-2-24-10, அதாவது -14. ஒரே வரியில் முடிந்தது. ஆனால் பன்னிரண்டு பெருக்கல், அவற்றில் பாதிக்குக் குறைக்குறி. அவசரத்தில் தவறு வரும்.

ஆனாலும் போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் இதைக் கைவிடக் கூடாது. '45*6 என்ற எண் 7ஆல் வகுபட, * எது?' என்ற மாதிரிக் கேள்விக்கு இதுதான் நேர்வழி. 6 + 3* + 10 - 4, அதாவது 12 + 3*. இது 7இன் மடங்காக வேண்டுமென்றால் * = 3. எண் 4536. வால் வெட்டி இதைப் பிடிக்கப் பார்த்தால் ஒவ்வொரு இலக்கமாகப் போட்டுப் பார்க்க வேண்டிவரும்.

நான்காவதற்குப் பேப்பரே வேண்டாம். இடமிருந்து வாருங்கள்: கையில் இருப்பதை மூன்றால் பெருக்கி, அடுத்த இலக்கத்தைக் கூட்டி, 7களைத் தள்ளிவிடுங்கள். 5இல் தொடங்கினால் 2, 1, 2, 3, 2, 1, 4, 1, 0, 0, 0. கையில் எப்போதும் ஒற்றை இலக்கம்தான். யாராவது எண்ணை வாசிக்க வாசிக்கவே முடித்துவிடலாம், சரியான மீதியும் கிடைக்கும். நெடுவகுத்தலில் ஈவை எழுதாமல் விட்டதுதான் இது என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

எனக்கு மிகப் பிடித்தது ஐந்தாவது. 7 × 11 × 13 = 1001. அதனால் எண்ணை வலமிருந்து மும்மூன்றாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும்: 407 - 913 + 647 - 582 = -441. 441 என்பது 7 × 63. பன்னிரண்டு இலக்கம் ஒரே வரியில் மூன்று இலக்கமாகச் சுருங்கிவிட்டது. அதே 441 இன்னும் இரண்டு பதில் தருகிறது: 11ஆல் வகுபடாது, 13ஆலும் வகுபடாது. மீதியும் கெடாது. குறைக்குறியை மட்டும் மறக்கக் கூடாது. 13ஆல் வகுத்தால் 441க்கு மீதி 12, நம் எண்ணில் வந்தது -441 என்பதால் மீதி 1.

ஒரு எச்சரிக்கை. நாம் லட்சம், கோடி என்று கமா போடுகிறவர்கள். இந்த எண் நமக்கு 5,82,64,79,13,407. அந்தக் கமாவை நம்பி வெட்டினால் விடை தப்பும். முதலில் கமாவையெல்லாம் எடுத்துவிட்டு, மூன்று மூன்றாகப் பிரியுங்கள்.

ஆக, ஆறு இலக்கத்தைத் தாண்டினால் நான் 1001ஐத்தான் எடுப்பேன், மிஞ்சும் மூன்று இலக்கத்துக்கு வால் வெட்டு: 441 என்றால் 44 - 2 = 42. தனியாக நீளமான எண்ணுக்குச் சரிப்படாத வால் வெட்டு, இந்த இடத்தில் அழகாகப் பொருந்துகிறது.

17, 19 என்று போனால் 1001 உதவாது, அங்கே மறுபடி வால் வெட்டுதான். 19க்கு இரண்டு மடங்கைக் கூட்டணும். 17க்கு, 51 அதன் மடங்கு என்பதால், ஐந்து மடங்கைக் கழிக்கணும். 4913 என்றால் 491 - 15 = 476, பிறகு 47 - 30 = 17.