பூனைக்கு வீடா, வீதியா? மணல் தட்டு சொல்லும் பதில்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் இரண்டு பூனைகளோடு இருக்கிறேன். ஒன்று கடுவன், ஒன்று பெட்டை. இரண்டுமே வாசல் தாண்டுவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் அக்கா வீட்டில் பூனைகள் கொல்லை, வைக்கோல் போர், பக்கத்து வீட்டு ஓடு என்று தலைமுறை தலைமுறையாகச் சுற்றியே வளர்கின்றன. புதிதாகக் குட்டி எடுப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இப்படி அடைச்சு வைக்கிறது பாவம் இல்லையா?" உள்ளேயே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவள் நான். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். ஆனால் வெளியே விடுகிறவர்கள் சொல்வதில் உண்மை நிறையவே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது அலசலாகாது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே தெருநாய்கள் உண்டு, பைக் உண்டு, இரவில் கடுவன்களின் சண்டை உண்டு. மழைக்காலத்தில் சூடு தேடி கார் எஞ்சினுக்குள் ஏறிப் படுக்கும் குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மெத்தை கிழியும், சோபா போகும், வீடெல்லாம் முடி பறக்கும். இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

வெளியே போய்வரும் பூனையின் வாழ்க்கையில் ஒரு நிறைவு இருப்பது கண்கூடு. ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வம்சம் அது. மறைந்திருந்து பார்ப்பதும் பதுங்குவதும் பாய்வதும் அதன் உடம்பில் ஊறியவை. அக்கா வீட்டுப் பூனைகள் ஒன்றுகூடக் குண்டாக இல்லை. சலிப்பில் கத்துவதில்லை, திரையைப் பிடித்துத் தொங்குவதில்லை. நெல் மூட்டை இருக்கும் வீட்டில் எலி பிடிப்பது ஒரு வேலையும்கூட. வீட்டுப் பூனை மலஜலம் கழிக்கத் தட்டில் நிரப்பும் மணலுக்கான செலவில்லை. பிரிட்டனில் பூனையை வெளியே விட்டு வளர்ப்பது இன்றும் இயல்பான பழக்கம்தான். அங்கே கதவிலேயே பூனைக்கென்று சின்னத் திறப்பு வைத்திருப்பார்கள்.

ஆஸ்திரேலியா நேர் எதிர். கான்பெரா இருக்கும் தலைநகரப் பகுதியில் 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பூனைகளை உரிமையாளரின் இடத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதே ஆண்டில் ஜெர்மனியின் வால்டோர்ஃப் ஊரில் கொண்டை வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் மாதங்களுக்குப் பூனைகளை வெளியே விடத் தடை போட்டார்கள். இந்த நாடுகளில் பேச்சு பெரும்பாலும் பறவைகளைப் பற்றியது. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு ஆளில்லாமல் திரியும் பூனைகளுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பறவைகள் எனக்கும் முக்கியம். எங்கள் பால்கனிக்குத் தேன்சிட்டு வரும். ஆனால் நம் ஊர்த் தெருவில் ஒரு வீட்டுப் பூனையை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு மட்டும் விடை தராது.

"பூனைக்குச் சுற்ற நிறைய இடம் வேண்டும்" என்பது இன்னொரு வாதம். ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. பெரும்பாலானவை தங்கள் வீட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளேயே பொழுதைக் கழித்தன. நாம் நினைக்கிற அளவுக்கு அவை தூரம் போவதில்லை. அதில் எனக்கு ஆறுதலும் உண்டு, கவலையும் உண்டு. பூனைக்கு வரும் ஆபத்து எங்கோ தொலைவில் இல்லை, நம் தெருவிலேயே இருக்கிறது என்றல்லவா அதற்குப் பொருள்?

என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். பூனை தன் நோயை மறைக்கும். வலித்தாலும் அழாது, ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாய் நொண்டிக்கொண்டு நம் காலடிக்கு வரும். பூனை கட்டிலுக்கு அடியில் போகும். அதனால் பூனைக்கு உடம்பு சரியில்லை என்று நமக்கு எப்போது தெரியவருகிறது என்பதே அதன் ஆயுளில் பாதியை முடிவு செய்துவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் பூனையிடம் அதைக் காட்டிக்கொடுப்பது மணல் தட்டு.

பெண்டோனைட் என்ற களிமண்ணாலான, கட்டியாகும் மணல் போட்டிருந்தால், சிறுநீர் படும் இடம் உருண்டையாகத் திரளும். காலையும் மாலையும் அள்ளும்போது எத்தனை உருண்டை, எவ்வளவு பெரிது என்று கண் தானாகக் கவனிக்கும். நன்றாக இருக்கும் பூனை ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு உருண்டை போடும். உருண்டை திடீரென்று பெரிதானாலோ எண்ணிக்கை கூடினாலோ சிறுநீரகத்தையோ சர்க்கரையையோ பார்க்கச் சொல்கிறது என்று அர்த்தம். நிறைய சின்னச் சின்ன உருண்டைகள் என்றால் சிறுநீர்ப்பையில் எரிச்சல். தட்டில் உட்கார்ந்து முக்கிமுக்கிப் பார்த்தும் உருண்டையே இல்லையென்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

எங்கள் கடுவனுக்கு அது நடந்தது. ஒரு சாயங்காலம் திரும்பத் திரும்பத் தட்டுக்குப் போனான். மணலைப் பறித்தான், உட்கார்ந்தான், எழுந்தான். தட்டு காய்ந்தே கிடந்தது. பூனை வளர்ப்பவர்கள் யூரின் ப்ளாக் என்று சொல்வது இதைத்தான். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் சிறுநீர் பின்னுக்குத் தேங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். அன்று இரவே மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டு அடைப்பை எடுத்தார்கள். சில நாள் சலைன் ஏறியது. பிழைத்துக்கொண்டான். இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறான்.

அக்கா வீட்டில் ஒரு சாம்பல் நிறக் கடுவன் இருந்தது. இரண்டு நாள் காணவில்லை. "எங்கேயாவது பெட்டையைத் தேடிப் போயிருக்கும்" என்றார்கள். கடுவன் அப்படிப் போவது வழக்கம், அதனால் யாரும் தேடவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில் வந்து விழுந்தது. வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. எலி மருந்தா, பாம்பா, அடைப்பா, நாய் கவ்வியதா, ஒன்றும் தெரியாது. அக்கா அந்தப் பூனையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டி வளர்த்தவள். அவள் அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பார்ப்பதற்கு அவளுக்கு வாய்ப்பே இல்லை, அவ்வளவுதான்.

எலி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். புரோமாடயோலோன் கலந்த எலி கேக் ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்றதும் ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் சோர்வும் உள்ளே ரத்தக் கசிவும் தொடங்கும். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம், ஆனால் தின்றது தெரிந்திருக்க வேண்டும். விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் அதே கதிதான். நீங்கள் வீட்டில் எலி மருந்து வைக்காமல் இருக்கலாம். நான்கு வீடு தள்ளி இருப்பவரும் வைக்க மாட்டார் என்று எப்படிச் சொல்வது?

ஓர் எதிர்வாதத்துக்கு இங்கே நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். உள்ளேயே கிடந்து, உலர் தீவனம் மட்டும் தின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து, உடம்பு பெருத்த கடுவனுக்குத்தான் யூரின் ப்ளாக் வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் நோயைக் கொண்டுவந்ததும் வீடு, காட்டிக்கொடுத்ததும் வீடா? ஓரளவுக்கு ஆமாம். அதனால்தான் உள்ளே வைப்பவர்களுக்குக் கூடுதல் வேலை இருக்கிறது என்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது ஒரு வேளையாவது ஈரத் தீவனம், அல்லது உப்பில்லாமல் வேகவைத்த கோழியை அந்தத் தண்ணீரோடே வைக்கிறோம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி, வீட்டில் மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இறகுக் குச்சியை ஆட்டிப் பத்து நிமிடமாவது ஓடவிடுகிறோம். ஜன்னலோரம் ஏறி உட்கார உயரமான பலகை, நகம் தீட்டச் சணல் கயிறு சுற்றிய கட்டை. இவ்வளவும் செய்ய முடியாதவர்கள் வெறும் கதவை மட்டும் சாத்திவைத்தால், அந்தப் பூனைக்கு அது சிறைதான். "பாவம் இல்லையா" என்ற கேள்வி அங்கே நியாயமானது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பூனைக்கு மணல் மட்டுமே மாதம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பூனைக்கு ஒரு தட்டு, அதற்கு மேல் கூடுதலாக ஒன்று என்பது பொதுக் கணக்கு. இரண்டுக்கு மூன்று தட்டு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மணல் அள்ளும் வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும், தினமும் செய்ய வேண்டும். வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் கழிவில் வெளிவந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் பயமில்லை. எலி, பறவை, பச்சை இறைச்சி தின்னாத பூனைக்கு அந்தக் கிருமி வரும் வாய்ப்பும் குறைவு.

பால்கனி வலை தனிச் செலவு. "பூனை நாலு காலில்தான் விழும், ஒன்றும் ஆகாது" என்பதை நம்ப வேண்டாம். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வந்த ஆய்வில் 90 சதவீதம் பிழைத்தன என்று இருப்பதை எடுத்துக்காட்டுவார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பூனைகளின் கணக்கு அது. விழுந்த இடத்திலேயே இறந்தவை அதில் இல்லை. பிழைத்தவற்றிலும் பல தாடை உடைந்து, நுரையீரல் அடிபட்டுத்தான் வந்தன. புறாவுக்குப் போடும் மெல்லிய நைலான் வலையைப் பூனை கடித்து ஓட்டை போட்டுவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்துக் கம்பி வலையாகவே போட்டுவிடுங்கள்.

தடுப்பூசியில் இரு பக்கத்துக்கும் வேறுபாடில்லை. "வெளியே போகாத பூனைக்கு எதற்கு ஊசி" என்று கேட்பவர்கள் உண்டு. குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் பேன்லுக்கோபீனியா வைரஸ் மாதக்கணக்கில் தரையில் உயிரோடு கிடக்கும், நம் செருப்பில் ஒட்டியே வீட்டுக்குள் வரும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ட்ரைகேட் என்ற கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, நான்கு மாதம் ஆகும்வரை இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. வெளியே போகும் பூனைக்கு ரேபிஸ் ஊசியை ஓர் ஆண்டுகூடத் தவற விடக்கூடாது. நாயிடம் கடிபட்டு வரும் பூனை நம் குழந்தையின் படுக்கையில்தான் வந்து படுக்கும்.

கருத்தடையும் அப்படித்தான். நான்கைந்து மாதத்திலேயே பெட்டை பருவத்துக்கு வந்துவிடும், சுமார் 65 நாளில் குட்டி போடும். வெளியே விடப்போகிறவர்கள் அதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கடுவனுக்குச் செய்துவிட்டால் ஊர் சுற்றுவதும் சண்டையும் வெகுவாகக் குறையும். எங்கள் கடுவன் வீட்டுக்குள் அமைதியாக இருப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டா என்று கேட்பார்கள். மார்புப் பட்டையும் கயிறும் மாட்டி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போவதை எங்கள் பெட்டை ஏற்றுக்கொண்டது. கடுவன் பட்டையை மாட்டியதும் தரையோடு ஒட்டிப் படுத்துவிடுவான், அவனை வற்புறுத்துவதில்லை. தனி வீடும் இடமும் இருந்தால் கொல்லையில் ஒரு பகுதியைக் கம்பி வலை கட்டி, மேலேயும் மூடி, வீட்டுக் கதவோடு இணைத்துவிடலாம். வெயிலும் மண்ணும் புல்லும் கிடைக்கும், மணல் தட்டும் உங்கள் கண்ணில் இருக்கும். எனக்கு அப்படி ஓர் இடம் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

நான் எழுதியது குட்டியிலிருந்தே உள்ளே வளர்ந்த பூனைகளை வைத்து. பல ஆண்டு தெருவில் திரிந்த பெரிய பூனையை உள்ளுக்குக் கொண்டுவந்து பழக்கிய அனுபவம் எனக்கில்லை. தோழி ஒருத்தி கருத்தடை முடித்து, முதலில் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும், பிறகு இரவு முழுக்க என்று மெதுவாக நீட்டித்துப் பழக்கினாள். தொடக்கத்தில் ராத்திரியெல்லாம் கத்தல்தான் என்றாள். அவசரப்பட்டு ஒரே நாளில் கதவைச் சாத்தியிருந்தால் அது ஜன்னலைப் பெயர்த்திருக்கும் என்பதும் அவள் சொன்னதுதான். வயதான தெருப் பூனைகள் எல்லாமே இப்படி மாறும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

அக்காவிடம் பூனைகளை உள்ளே அடைக்கச் சொல்லவில்லை. முற்றமும் கொல்லையும் வைக்கோல் போரும் உள்ள வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. அவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பகலில் சோறு வைப்பதைக் குறைத்து, பெரிய சாப்பாட்டைப் பொழுது சாயும் நேரத்தில் சமையல்கட்டுக்குள் வை, தின்ன வந்ததும் கதவைச் சாத்திவிடு, ஒரு தட்டில் ஆற்று மணல் போட்டு வை. நாய்க் கூட்டமும் கடுவன் சண்டையும் இரவில்தான் அதிகம், அது முதலில் மிச்சம். தவிர, ஒவ்வொரு பூனையையும் நாளுக்கு ஒரு தடவையாவது கிட்டே இருந்து பார்த்துவிடலாம்: எது வரவில்லை, எது தின்னவில்லை, தட்டு காய்ந்து கிடக்கிறதா என்று. இப்போது அங்கே நான்கு பூனைகள். சாயங்காலம் விளக்கேற்றியதும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அக்கா கதவைச் சாத்துகிறாள்.