புளோரிடா மாநில உரிமத் தேடல் சேவை: ஒரு மதிப்பீடு

எங்கள் அச்சகத்தின் சம்பளப் பட்டியலையும் வரிப் பிடித்தத்தையும் ஒரு பணியாளர் குத்தகை நிறுவனத்திடம் (பிற நிறுவனங்களின் பணியாளர்களைத் தன் பட்டியலில் ஏற்று, சம்பளத்தையும் வரியையும் கவனிக்கும் நிறுவனம்) ஒப்படைக்குமுன், புளோரிடாவின் வணிக, தொழில்முறை ஒழுங்குமுறைத் துறை இணையத்தில் இலவசமாக வழங்கும் உரிமத் தேடலைப் பயன்படுத்தினேன். பெயரை இட்டதும் உரிம எண், நிலை, காலாவதி நாள் மூன்றும் ஒரே வரிசையில் வந்தன. நாங்கள் கையெழுத்திடவிருந்த நிறுவனத்தின் உரிமமோ காலாவதியாகியிருந்தது. பிடித்த வரியைக் கட்டாமல் நிறுவனம் முடங்கினால் வயிற்றில் அடி விழுவது தொழிலாளிக்குத்தான் என்பதால், உரிமம் கோரும் இத்தகைய நிறுவனங்கள் குறைந்தது 50,000 டாலர் நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) காட்ட வேண்டும் என்ற விதியைப் பெரிதும் மதிக்கிறேன்.

உரிமம் தொடர்பாகத் துறையின் நடவடிக்கைக்கு உள்ளாகும் நிறுவனத்துக்கும் வழியுண்டு: நோட்டீஸ் கிடைத்த 21 நாட்களுக்குள் விசாரணை கோரலாம், இறுதி ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லலாம். நாங்கள், நடப்பிலுள்ள உரிமம் கொண்ட வேறொரு நிறுவனத்தைத் தேர்ந்தோம்.